மாணவர் கியூப்சாட்டுக்கான சோதனைக் கருவிகள்: எவற்றை நாமே செய்வது, எவற்றை விட்டுவிடுவது?

ஓரலகு:

வணக்கம். பொறியியல் மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஓரலகுக் கியூப்சாட் (பக்கம் 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரச் சிறு செயற்கைக்கோள்) ஒன்றைச் செய்துவருகிறோம். மின்சுற்றுப் பலகைகளின் பொறியியல் மாதிரிகள் (சோதனைக்கு மட்டுமான, பறக்காத பிரதிகள்) கைக்கு வந்துவிட்டன. சட்டகம் பட்டறையில் இருக்கிறது. கோளை ஒப்படைக்க இன்னும் பத்து மாதங்கள் உள்ளன. இதுவரை வடிவமைப்பிலேயே மூழ்கிக் கிடந்த எங்களுக்கு, கோளைச் செய்வதில் எவ்வளவு வேலை இருக்கிறதோ ஏறத்தாழ அவ்வளவு வேலை அதைச் சோதிக்கும் கருவிகளைச் செய்வதிலும் இருக்கிறது என்பது இப்போதுதான் உறைத்திருக்கிறது.

கோளின் விவரம் சுருக்கமாக: நிறை 1.3 கிலோவை ஒட்டி வரும். முகத்துக்கு இரண்டு மும்மடிச் சந்திச் சூரியக்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. பேட்டரியில் 18650 வகை லித்தியம் அயனிக் கலங்கள் இரண்டு உள்ளன. திசைக் கட்டுப்பாட்டுக்கு மூன்று அச்சிலும் காந்த முறுக்கிகள் (பூமியின் காந்தப்புலத்தைப் பற்றிக் கோளைத் திருப்பும் மின்சுருள்கள்) மட்டுமே. ஒவ்வொன்றின் திருப்புத்திறனும் 0.1 ஆம்பியர் சதுர மீட்டர். ஆண்டெனாக்கள் அளவுநாடாப் பட்டையால் ஆனவை. நைலான் இழையால் கட்டி மடக்கி வைத்து, நிக்ரோம் கம்பியைச் சூடாக்கி இழையை அறுத்து விரிப்பதாகத் திட்டம்.

குழுவில் பாதிப் பேர் காற்றுத் தாங்கி மேசை ஒன்றைச் செய்தே தீரவேண்டும் என்கிறார்கள். அரைக்கோளம் ஒன்று காற்றுப் படலத்தின் மேல் உராய்வின்றி மிதக்க, அதன்மேல் கோளை வைத்து, அது விண்வெளியில் திரும்புவதைப் போலவே திரும்புவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது அவர்களின் ஆசை. வேறு இருவர் சிறிய வெற்றிடக் கலன் ஒன்றைச் செய்ய வரைபடமே போட்டுவிட்டார்கள். நானும் மின்சுற்றுப் பக்கம் இருப்பவர்களும், முதலில் எல்லாப் பலகைகளையும் மேசைமேல் பரப்பி இணைத்து ஓட்டிப்பார்க்க ஒழுங்கான ஏற்பாடு வேண்டும் என்று கருதுகிறோம். ஆனால் அது பார்வைக்கு எடுப்பாக இல்லாததால் கூட்டங்களில் எடுபடுவதில்லை.

பத்து மாதங்களையும் பத்துப் பேரையும் வைத்துக்கொண்டு எந்த வரிசையில் எதைச் செய்வது? சோதனைக் கருவியே கோளுக்குக் கேடு விளைவித்த அனுபவம் யாருக்கேனும் இருந்தால் அதையும் அறிய விரும்புகிறோம்.

பழைய ஈயப்பற்று:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் என் பதில் முழுவதும் அதிலிருந்துதான் பிறக்கிறது. நான் மாணவனாக இருந்த குழுவில், பறக்கவேண்டிய கணினிப் பலகை ஒன்றை நாங்கள் இழந்தது அதிர்விலோ வெப்பத்திலோ அன்று. ஒரு மடிக்கணினியின் சார்ஜரால். தரையிணைப்பு இல்லாத இரண்டு முள் சார்ஜர்களின் உள்ளே இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாக, மடிக்கணினியின் உலோகப் பகுதிகள் எல்லாம் சுவர் மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி அளவில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் கையில் லேசாகச் சுரீர் என்பதோடு போய்விடும். ஆனால் கோளின் தரைக்கம்பி மேசைமேல் உள்ள மின்வழங்கி வழியாக நிலத்தோடு இணைந்திருக்க, யூஎஸ்பி இணைப்பியில் தரைமுனைக்கு முன்னால் தரவுமுனை தொட்டுவிட்டால், அந்த மின்தேக்கிகளில் தேங்கியது முழுதும் நுண்கட்டுப்படுத்தியின் கால் வழியாக இறங்கிவிடும். எங்களுக்கு நடந்தது அதுதான். புகையும் இல்லை, சத்தமும் இல்லை. தொடர்முனை மட்டும் அன்றிலிருந்து பேசவில்லை.

ஆகவே நீங்கள் முதலில் செய்யவேண்டியது, கோளுக்கும் வெளியுலகுக்கும் இடையில் நிற்கும் ஒரே ஒரு பெட்டி. கோளுக்குள் போகும் ஒவ்வொரு கம்பியும் அதன் வழியாகத்தான் போகவேண்டும். தரவுக் கம்பிகளுக்கு மின்தனிமைப்படுத்திகள், மின்கம்பிகளுக்கு ஃபியூஸ், தலைகீழ் இணைப்பைத் தடுக்கும் டையோடு, மின்வழங்கியின் குமிழை யாரேனும் தவறாகத் திருகினாலும் அழுத்தம் எல்லையைத் தாண்டாதபடி இரு மின்கம்பிகளையும் குறுக்கே இணைத்து ஃபியூஸை எரித்துவிடும் காப்புச் சுற்று ஆகியவை அதற்குள் இருக்கட்டும். இதை இரண்டு வாரத்தில் செய்துவிடலாம். அது முடியும்வரை பறக்கும் பலகை எதையும் உறையிலிருந்து எடுக்காதீர்கள்.

அடுத்தது ஃபிளாட்சாட். நீங்கள் சொல்லும் மேசைமேல் பரப்பும் ஏற்பாடு அதுதான். கூட்டத்தில் எடுபடாவிட்டாலும் நீங்கள் சொல்வதே சரி. பலகைகளை அடுக்கும் 104 முனை இணைப்பியை அப்படியே ஒரு பெரிய தாய்ப்பலகையில் நான்கைந்து இடங்களில் வைத்து, ஒவ்வொரு கம்பியிலும் அலைக்காட்டியின் முனையைக் கோக்க ஒரு கொக்கியும், தேவைப்பட்டால் அந்தக் கம்பியை மட்டும் துண்டிக்க ஒரு ஜம்பரும் வையுங்கள். நூற்று நான்கு ஜம்பர்கள் எதற்கு என்று சலிப்பாக இருக்கும். பலகைகள் பேசிக்கொள்ளும் பொதுத் தடத்தை எந்தப் பலகை இழுத்துப் பிடித்து முடக்குகிறது என்று தேடும் நாளில், ஜம்பரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவை இல்லாவிட்டால் அடுக்கைப் பிரித்துக் கோத்து, பிரித்துக் கோத்து, இணைப்பியின் முனைகளைத் தேய்ப்பீர்கள். சிறிய இணைப்பிகளுக்கு இத்தனை முறைதான் கோக்கலாம் என்ற எல்லை உண்டு. அது தரவுத்தாளிலேயே இருக்கும். எனவே பறக்கும் இணைப்பி ஒவ்வொன்றின் மேலும் ஒரு தியாக இணைப்பியை நிரந்தரமாகச் செருகிவைத்து, கோப்பதும் கழற்றுவதும் அதில்தான் என்று விதி செய்துகொள்ளுங்கள். கோத்த எண்ணிக்கையை ஒரு குறிப்பேட்டில் கோடு போட்டு எண்ணுங்கள்.

மூன்றாவது, சூரியத் தகட்டுக்கு மாற்று. பலர் மேசை மின்வழங்கியை நேராக மின்னேற்றச் சுற்றில் கொடுத்துவிட்டு, அதிகபட்சத் திறனைத் தேடும் சுற்று ஊசலாடுகிறது என்று மென்பொருளைத் திருத்தத் தொடங்குவார்கள். குற்றம் மென்பொருளில் இல்லை. மேசை மின்வழங்கிக்கு ஒன்று மாறா அழுத்தம், அல்லது மாறா மின்னோட்டம். சூரியக்கலத்தின் மின்னோட்ட-அழுத்தக் கோட்டில் உள்ள வளைந்த முழங்கால் அதற்கு இல்லை. இதற்கு எளிய வழி: மின்வழங்கியை அரை ஆம்பியரில் மாறா மின்னோட்டமாக அமைத்து, அதன் வெளியீட்டுக்குக் குறுக்கே ஏழு சாதாரண சிலிக்கான் டையோடுகளைத் தொடராக இணையுங்கள். திறந்த நிலையில் சுமார் 5.2 வோல்ட்டும், சுமை ஏறும்போது மெல்ல வளையும் கோடும் கிடைக்கும். உங்கள் இரட்டைக் கலத்துக்கு இது போதுமான அளவு நெருக்கமானது. டையோடுகளை ஒரு தடித்த அலுமினியத் துண்டில் பொருத்த மறக்கவேண்டாம். ஒவ்வொன்றும் சூடேறும்போது பாகைக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும். ஏழும் சேர்ந்து 50 பாகை ஏறினால் 0.7 வோல்ட் போய்விடும். நீங்கள் மறுபடியும் மென்பொருளைச் சந்தேகிப்பீர்கள்.

இந்த மூன்றும் தயாரானால், ஒரு முழு நாளைக் கோளுக்கு நடித்துக் காட்டலாம். ஒரு ரிலேவால் சூரியத்தை ஏறத்தாழ 60 நிமிடம் எரியவிட்டு 35 நிமிடம் அணைத்து, சுற்றுக்குப் பின் சுற்றாக ஓட்டுங்கள். ஏவுகலனிலிருந்து வெளியேறும் கணத்தையும், அதுவரை அமுங்கியிருந்து கோளை அணைத்துவைக்கும் மெய்யான சுவிட்சை விடுவித்தே நடத்துங்கள். கியூப்சாட் வரையறை ஆண்டெனாவை விரிக்க 30 நிமிடமும், வானொலியை ஒலிக்க 45 நிமிடமும் காத்திருக்கச் சொல்கிறது. சோதனையின்போது பொறுமையின்றி அந்த நேரங்களை ஒரு நிமிடமாகச் சுருக்கி, கடைசியில் பழைய எண்ணைத் திரும்ப இடத் தவறுவது மாணவர் குழுக்களுக்கு வழக்கமான விபத்து. காத்திருங்கள். அதிலும் பேட்டரியின் மின்னேற்றத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவைத்து ஒருமுறை ஓட்டுங்கள். இழையறுக்கும் கம்பி இழுக்கும் மின்னோட்டத்தில் அழுத்தம் சரிந்து கணினி மறுதொடக்கமாகி, விழித்ததும் மறுபடியும் இழையறுக்கப் போய், மறுபடியும் சரிந்து, இப்படியே பேட்டரி தீரும்வரை சுழலும் கோள்களைக் கண்டிருக்கிறேன். மேசைமேல் கண்டதால் பிழைத்தன.

வடமுனை:

மேலே சொன்னவற்றை அப்படியே ஏற்கிறேன். காற்றுத் தாங்கி மேசையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அந்த ஆசையில் எட்டு மாதங்களை நானும் தொலைத்திருக்கிறேன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் காந்த முறுக்கியின் திருப்புத்திறன் 0.1, சுற்றுப்பாதையில் பூமியின் காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லா என்று கொள்வோம். இரண்டும் செங்குத்தாக இருக்கும் மிகச் சாதகமான நிலையில் கிடைக்கும் முறுக்குவிசை 4 மைக்ரோ நியூட்டன் மீட்டர். இப்போது கோளும் அதைத் தாங்கும் அரைக்கோளமும் பலகையும் சேர்ந்து 4 கிலோ என்று வையுங்கள். அதன் நிறைமையம் சுழல்மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகியிருந்தால், புவியீர்ப்பு தரும் முறுக்குவிசை ஏறத்தாழ 4 மில்லி நியூட்டன் மீட்டர். அதாவது உங்கள் முறுக்கியைப் போல் ஆயிரம் மடங்கு. இரண்டும் சமமாவதற்கே நிறைமையத்தை 0.1 மைக்ரோமீட்டருக்குள் கொண்டுவரவேண்டும்; தலைமுடியின் தடிமனில் ஐந்நூறில் ஒரு பங்கு அது. ஒரு கம்பி சற்றுத் தொய்ந்தாலோ, பலகையின் ஒரு பக்கம் சூடேறி நீண்டாலோ எல்லாம் போயிற்று. எதிர்வினைச் சக்கரம் (தன் சுழல்வேகம் மாறும்போது கோளை எதிர்ப்பக்கம் திருப்பும் சக்கரம்) உள்ள கோள்களுக்குக் காற்றுத் தாங்கி பொருள் உள்ளது. அவற்றின் முறுக்குவிசை வேறு தரத்தில் இருக்கும். காந்த முறுக்கி மட்டும் உள்ள உங்கள் கோளுக்கு அது சீசா விளையாட்டாகவே முடியும்.

ஒரு நூலில் தொங்கவிடுங்கள். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது என்று ஒதுக்கிவிடவேண்டாம். தொங்கும் பொருளுக்குப் புவியீர்ப்பு செங்குத்து அச்சைச் சுற்றி எந்த முறுக்கையும் தருவதில்லை. நிறைமையம் தானாகவே நூலுக்கு நேர்கீழே வந்து நிற்கும். மிச்சமிருப்பது நூலின் சொந்த முறுக்கு மட்டுமே. அதை நீளமான, மெல்லிய, புரியில்லாத ஒற்றை இழையால் குறைத்துவிடலாம். உங்கள் கோளின் நிலைமத் திருப்புத்திறன் சுமார் 0.0022 கிலோகிராம் சதுர மீட்டர் வரும். 4 மைக்ரோ நியூட்டன் மீட்டர் முறுக்கில், முறுக்கியும் புலமும் ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும் தொடக்கத்தில், அரை நிமிடத்தில் நாற்பது பாகை போலத் திரும்பும். வெறும் கண்ணுக்கே தெரியும். ஆனால் அறையில் ஒருவர் நடந்தால் எழும் காற்றும் அதே அளவு திருப்பும். மின்விசிறியை நிறுத்தி, கோளைச் சுற்றிப் பிளாஸ்டிக் திரையிட்டு, பத்து நிமிடம் அசையாமல் இருந்துவிட்டுத் தொடங்குங்கள். கையால் மெல்லச் சுழற்றிவிட்டு, சுழற்சியைத் தணிக்கும் நிரலை ஓட்டினால் சில நிமிடங்களில் ஓயவேண்டும். ஓயாமல் வேகம் கூடினால் எங்கோ குறி தலைகீழாக இருக்கிறது. அந்தக் குறியைக் கண்டுபிடிப்பதுதான் இந்தச் சோதனையின் முழுப் பயன் என்றே சொல்வேன்.

குறியைச் சோதிக்க இன்னும் எளிய கருவி ஒன்று உண்டு: பள்ளிக்கூடத் திசைகாட்டி. முறுக்கியின் அச்சு நேர்முனைக்கு எதிரில் அதை வைத்து, தரையிலிருந்து நேர்க்கட்டளை அனுப்பினால் ஊசியின் தென்முனை அதை நோக்கித் திரும்பவேண்டும். மூன்று அச்சுக்கும் இரண்டு திசைக்கும் ஆறு பார்வைகள். ஐந்து நிமிட வேலை. கோளை முழுதாகப் பூட்டிய பிறகும் இதை ஒருமுறை செய்யுங்கள், ஏனெனில் எங்கள் கோளில் பூட்டும்போதுதான் ஒரு சுருளின் இரண்டு கம்பிகள் இடம் மாறின.

இதற்கு மேல் செய்ய நேரம் இருந்தால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கூடு ஒன்றைக் கட்டுங்கள்: எதிரெதிர்ச் சுருள்கள் மூன்று இணைகளால், நடுவில் வேண்டிய காந்தப்புலத்தை உண்டாக்கும் கூடு அது. அது உண்மையிலேயே மாணவர்கள் செய்யக்கூடியது. சதுரச் சுருள்களுக்குப் பக்கம் 1.5 மீட்டர் என்றால் இணையின் இடைவெளி பக்கத்தின் 0.5445 மடங்கு, அதாவது ஏறத்தாழ 82 சென்டிமீட்டர். சுருளுக்கு 40 சுற்று, 2.3 ஆம்பியரில் நடுவில் 100 மைக்ரோடெஸ்லா கிடைக்கும். பூமியின் பரப்பில் புலம் இடத்துக்கு ஏற்ப 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும். முதலில் அதை அழித்து, பிறகு சுற்றுப்பாதையின் புலத்தை எந்தத் திசையிலும் உண்டாக்கவேண்டும் என்பதால்தான் இவ்வளவு தேவை. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புக் கம்பியில் இணைக்கு 480 மீட்டர் போகும். தடை 10 ஓமுக்குச் சற்று மேல், அழுத்தம் 24 வோல்ட், வெப்பம் 55 வாட். மூன்று இணைகளையும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி சிறிது அளவு மாற்றிச் செய்யவேண்டும். சட்டம் அலுமினியமோ மரமோ ஆகலாம், திருகுகள் பித்தளை. கூட்டுக்கு நடுவே வைக்கும் மேசைக்கு இரும்புக் கால் இருக்கிறதா என்று பார்க்க மறப்பவர்கள் ஏராளம்.

மின்னோட்டத்தை இருதிசையிலும் செலுத்தப் பாலச் சுற்று வேண்டும்; சாதாரண மின்வழங்கி சுழியைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகாது. அதைத் துடிப்பு முறையில் ஓட்டுவதானால் நன்றாக வடிகட்டிவிட்டே சுருளுக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் கோளின் காந்தமானி அந்தத் துடிப்பையே அளந்துகொண்டிருக்கும்.

ஓரலகு:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆயிரம் மடங்கு என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதியதும் காற்றுத் தாங்கிக் கட்சி கலைந்துவிட்டது. அரைக்கோளம் வாங்க வைத்திருந்த பணம் காப்புப் பெட்டிக்கும் செப்புக் கம்பிக்கும் போகிறது.

இரண்டு ஐயங்கள் மிச்சம் உள்ளன. அதிர்வுச் சோதனைக்கு வெளியே ஓர் ஆய்வகத்தின் மேடையை இரண்டு நாளைக்குக் கேட்டிருக்கிறோம். அதற்கு நாங்கள் எதைச் செய்துகொண்டு போகவேண்டும்? வெற்றிடக் கலனை நாங்களே செய்வதில் பொருள் இருக்கிறதா?

அதிர்மேடை:

மேடையை இரண்டு நாளைக்குத்தான் தருகிறார்கள் என்றால், அந்த இரண்டு நாளில் முதல் நாள் பிடிமானச் சட்டத்தோடு மல்லுக்கட்டுவதில் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவிர்க்க, மேடையின் திருகுத்துளைகளின் வரைபடத்தை இன்றே கேட்டு வாங்குங்கள். துளைகளின் இடைவெளி ஒவ்வொரு மேடைக்கும் வேறுபடும். போன இடத்தில் துளை போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு அங்கே துளையிடும் கருவி இருக்காது.

சட்டம் என்பது ஏவுகலனில் கோளை அடைத்துவைத்து வெளியே தள்ளும் பெட்டியின் உள்ளளவைக் கொண்ட, தடித்த அலுமினியத்தால் ஆன கூடு. கோள் அதற்குள் நான்கு மூலைத் தண்டவாளங்களால் மட்டுமே தாங்கப்படவேண்டும். மெய்யான பெட்டியில் அப்படித்தான் என்பதால், சோதனைக்காகக் கோளை வேறெங்கும் திருகிப் பிடிக்காதீர்கள். சட்டத்தின் சொந்த அதிர்வெண் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கவேண்டும். அதற்குக் கீழே இருந்தால் மேடை கொடுப்பதைச் சட்டம் பெருக்கிக் கோளுக்குக் கொடுக்கும். நீங்கள் எதைச் சோதித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. எனவே முதலில் வெறும் சட்டத்தையும், பிறகு கோளின் நிறையும் நிறைமையமும் கொண்ட ஒரு போலிக் கட்டையைச் சட்டத்தில் வைத்தும் ஓட்டுங்கள். கட்டை என்றால் ஓர் அலுமினியப் பாளத்தைக் கடைந்து எடுப்பது. ஒரு வார வேலை. இதைச் செய்யாமல் நேராகப் பறக்கும் கோளை மேடையில் ஏற்றியவர்களோடு நான் வாதாடிச் சலித்துவிட்டேன்.

அளவைப் பொறுத்தவரை, ஏவுபவர் தரும் ஆவணமே இறுதி. அது கைக்கு வரும்வரை நாசாவின் கோடார்டு மையத்துப் பொதுத்தரத்தை வைத்துத் திட்டமிடுங்கள். அதன் தகுதிநிலை அதிர்வு (வடிவமைப்பு தாங்குமா என்று பார்ப்பது) 50 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை ஹெர்ட்ஸுக்கு 0.16 ஜி-சதுரம், இருபுறமும் சரிந்து 20 ஹெர்ட்ஸிலும் 2,000 ஹெர்ட்ஸிலும் 0.026, மொத்தம் 14.1 ஜி, அச்சுக்கு இரண்டு நிமிடம். ஏற்புநிலைக்கு (செய்த கோளில் குறை உண்டா என்று பார்ப்பது) ஹெர்ட்ஸுக்கான அளவு பாதியாகி, மொத்தம் 10 ஜி, அச்சுக்கு ஒரு நிமிடம். பெரும்பாலான பெட்டிகளுக்குக் கேட்கப்படும் அளவு இதற்குள் அடங்கிவிடும்.

ஒவ்வொரு அச்சிலும் பெரிய அதிர்வுக்கு முன்னும் பின்னும் மெல்லிய சைன் வீச்சு ஒன்றை ஓட்டி, இரண்டு வரைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முதல் முகடு 5 விழுக்காட்டுக்கு மேல் நகர்ந்திருந்தால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. வெளிப்பார்வையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கையில் எடுத்து ஆட்டினால் கிலுகிலுக்காது. ஆனாலும் நம்பவேண்டியது வரைகோட்டைத்தான்.

நீங்களே செய்யவேண்டிய சிறு கருவி ஒன்றையும் சொல்கிறேன். இதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. அதிர்வின்போது கோள் அணைந்திருக்கவேண்டும், அதன் சுவிட்சுகள் அமுங்கியே இருக்கவேண்டும். 14 ஜி அதிர்வில் அந்தச் சுவிட்ச் ஒரு மில்லிநொடி விட்டுப் பிடித்தால் என்ன ஆகும்? மெய்யான ஏவுதலில் அந்த ஒரு மில்லிநொடியில் உங்கள் கணினி விழித்துக் காலத்தை எண்ணத் தொடங்கிவிடலாம். அதிர்ந்து முடிந்தபின் பார்த்தால் சுவிட்ச் ஒழுங்காகவே இருக்கும். அதனால் சுவிட்சுகளின் கம்பிகளில் ஒரு சிறு பூட்டுச் சுற்றை இணையுங்கள். ஒரு தைரிஸ்டர், ஒரு பொத்தான் பேட்டரி, ஒரு விளக்கு போதும். சுவிட்ச் ஒருமுறை விட்டாலும் விளக்கு எரிந்து, எரிந்தபடியே நிற்கும். எங்கள் கோளில் இரண்டாம் அச்சில் எரிந்தது. சுவிட்சின் சுருள்வில்லைக் கடினமானதாக மாற்றி மறுபடி போனோம்.

வெற்றிடக் கலனைப் பற்றி: பறக்கும் கோளுக்கு நீங்கள் செய்யும் கலன் வேண்டாம். வெப்ப வெற்றிடச் சோதனைக்கு அழுத்தம் ஆயிரத்தில் ஒரு பாஸ்கலுக்கும் கீழே போகவேண்டும்; அதற்கு இரண்டு கட்ட எக்கிகளும், குளிரூட்டிய சுவர்களும், மாசைக் கண்காணிக்கும் கருவிகளும் தேவை. சுழல் எக்கி மட்டும் வைத்துச் செய்யும் கலனில் எக்கியின் எண்ணெய் ஆவியே பின்னோக்கி வந்து சூரியக்கலங்களிலும் ஒளிவில்லைகளிலும் படியும். வெளியே கட்டணம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

வடமுனை:

அதிர்மேடை அவர்கள் சொல்வது பறக்கும் கோளுக்குப் பொருந்தும். ஆனால் சிறு கலன் முழுதும் வீண் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. குறிப்பாக நிக்ரோம் கம்பியை நம்பியிருக்கும் ஒரு குழுவுக்கு.

காற்றில் அந்தக் கம்பி தன் வெப்பத்தின் பெரும்பகுதியைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. வெற்றிடத்தில் கொடுக்க ஆளில்லை. அதனால் மேசைமேல் இழையை அழகாக அறுத்த அதே மின்னோட்டம், வெற்றிடத்தில் இழையை அறுப்பதற்குள் கம்பியையே உருக்கி அறுத்துவிடக்கூடும். எதிர்ப்பக்கத்தில், குளிரில் பேட்டரியின் உள்தடை ஏறி மின்னோட்டம் குறைந்து, இழை உருகாமலும் போகலாம். இரண்டையும் மேசைமேல் அறியமுடியாது. இதற்கு ஆயிரத்தில் ஒரு பாஸ்கல் தேவையில்லை. நல்ல சுழல் எக்கி பத்தில் ஒரு பாஸ்கலை எட்டிவிடும். அந்த அழுத்தத்தில் எஞ்சிய வாயு கடத்தும் வெப்பம், கதிர்வீச்சால் போகும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தக்கதன்று. ஆண்டெனாத் தகட்டின் பொறியியல் மாதிரியை மட்டும் உள்ளே வைத்து இருபது முறை அறுத்துப் பாருங்கள். எண்ணெய் படிந்தால் படியட்டும், அது பறக்கப்போவதில்லை.

கலனை எஃகுக் குழாயில் செய்யுங்கள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின்மேல் காற்று 700 கிலோவுக்கும் அதிகமான எடையாக அழுத்தும் என்பதை நினைவில் வையுங்கள். சமையல் பாத்திரமும் அக்ரிலிக் மூடியும் வைத்துச் செய்த கலன்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அக்ரிலிக் முதல்நாள் தாங்கும், கீறல் விழுந்த பிறகு ஒருநாள் தாங்காது. எட்டிப்பார்க்கச் சிறிய, தடித்த கண்ணாடிச் சாளரம் ஒன்று போதும். லித்தியம் பேட்டரியை அதற்குள் வைக்கவே வேண்டாம். மின்னோட்டத்தை வெளியிலிருந்து கம்பி வழியாகக் கொடுங்கள்.

அதிர்மேடை:

ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது கோள் முழுவதையும் உள்ளே வைப்பதைப் பற்றியது. இழையறுப்புக்கு மட்டும் என்றால் செய்யுங்கள். ஓரலகு குழுவில் இருவர் போட்ட வரைபடம் வீண்போகவில்லை.

ஓரலகு:

எல்லோருக்கும் நன்றி. காப்புப் பெட்டி, ஃபிளாட்சாட், டையோடு வரிசை, திசைகாட்டியும் நூலும், அதிர்வுச் சட்டமும் கட்டையும், பிறகு சிறு கலன், நேரமிருந்தால் கூடு என்று வரிசையை எழுதி ஒட்டிவிட்டோம். கடைசியாக ஒன்று: காப்புப் பெட்டி கோளைக் காக்கிறது சரி, காப்புப் பெட்டியிலேயே கோளாறு இருந்தால்?

பழைய ஈயப்பற்று:

நல்ல கேள்வி, நாங்கள் அதைக் கேட்டுக்கொள்ள ஓராண்டு ஆயிற்று.

ஒரு பொய்க்கோள் செய்யுங்கள். கோளில் உள்ள அதே வெளியிணைப்பி, அதே முனை அமைப்பு. உள்ளே பலகைகளுக்குப் பதில் மின்தடைகளும், ஒவ்வொரு மின்கம்பிக்கும் ஒரு விளக்கும், பெறும் தரவை அப்படியே திருப்பி அனுப்பும் ஒரு மலிவு நுண்கட்டுப்படுத்தியும். அழுத்தம் எல்லையைத் தாண்டினால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து பூட்டிக்கொள்ளட்டும். அதிர்மேடை சொன்ன அதே தைரிஸ்டர் சுற்றையே இங்கும் பயன்படுத்தலாம். காலையில் ஆய்வகத்தைத் திறந்ததும் பெட்டியை முதலில் பொய்க்கோளில் செருகி, எல்லா விளக்கும் பச்சை என்று பார்த்துக் குறிப்பேட்டில் கையெழுத்திட்ட பிறகே மெய்க்கோளில் செருகவேண்டும். கம்பியை யாராவது பழுது பார்த்தாலும், மின்வழங்கியை மாற்றினாலும், மதிய இடைவேளையில் மேசையை வேறொருவர் பயன்படுத்தியிருந்தாலும், மறுபடி முதலிலிருந்து.

செருகும் வரிசையையும் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள்: முதலில் கோளுக்கும் பெட்டிக்கும் தரைக்கம்பி, பிறகு இணைப்பி, பிறகு மின்வழங்கி, கடைசியில் மடிக்கணினி. கழற்றும்போது இதற்கு நேர்மாறு. மடிக்கணினியைச் செருகுபவர் கையில் நிலைமின் பட்டை இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லவேண்டும். தனியாக ஒருவர் இருக்கும்போது கோளில் எதையும் செருகக்கூடாது. எங்கள் பலகை போன இரவு, நான் தனியாகத்தான் இருந்தேன்.